நூறு ரூபாய் மதில்

“…பாக்கியெல்லாம் சரி எடா, ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, அது இல்லாட்டா இது பொய்யாக்கும்” என்று சொல்லி டீச்சர் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தார்.

விரல் போய் நின்ற இடம் வேட்பாளரின் முன்பல். திரை முழுக்க அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்குக் கீழே, ‘பட்ஜெட்டில் தோட்டு மதில். சொன்னதைச் செய்தோம்’ என்று பெரிய எழுத்தில் நான் தமிழில் அடித்து வைத்திருந்தேன். படத்தில் சிரித்த அதே ஆள், மெஷின் இருக்கிற இடம் என்பதால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, என் கடைக்குள் சிரிக்காமல் நின்றார்.

முந்தின நாள் சாயங்காலம்தான் டிவியில் வேட்பாளர் பட்டியல் வந்தது. இரண்டு தடவை எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வாக இருந்த டீச்சரின் பெயர் அதில் இல்லை. அந்த இடத்தில், கட்சியின் உள்ளூர்ச் செயலாளராக டீச்சருக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்த இவர் பெயர் இருந்தது. காலேஜில் டீச்சரிடமே பொருளாதாரம் படித்தவர். அன்றைக்கு மட்டாஞ்சேரி பஜார் முழுக்க ஒரே கேள்விதான்: டீச்சர் இவரோடு ஓட்டுக் கேட்க இறங்குவாரா, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்காருவாரா? எங்கள் தமிழ்த் தெருவுக்கு டீச்சர் இல்லாமல் இவர் தனியாக வந்தால் சாயா கொடுப்பார்கள், ஓட்டுக் கொடுக்க மாட்டார்கள். போன தடவை ஜெயித்ததே இந்தத் தெருவும் இதற்குப் பின்னால் இருக்கிற இரண்டு தெருவும் சேர்ந்து கொடுத்த ஓட்டில்தான். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சிரிப்பைப் படத்தோடு நிறுத்திக்கொண்டார்.

என் கடை ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. பிளாஸ்டிக் கூடாது என்று ஆன பிறகு அக்கரையில் இருக்கிற பிராட்வே கடைத்தெருவில் துணி ரோல் வாங்கி வந்து துணியில்தான் அடிக்கிறோம். பெயர் மட்டும் ஃப்ளெக்ஸ் என்றே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்து சரியாக அடிக்கத் தெரிந்தது எனக்கு மாத்திரம். அதனால் எல்லாக் கட்சியும் என்னிடம்தான் வரும். தேர்தல் நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற தலைவர்கள் எல்லாரும் என் கடைச் சுவரில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து காய்வார்கள். நான் அதிகம் படித்தவள் இல்லை. தமிழ் வீட்டில் வந்தது, மலையாளம் போர்டு பார்த்து வந்தது. ஆனால் நாலு பேர் நின்று பேசினால் அதில் யார் நன்றாகச் சொன்னார்கள் என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

டீச்சர் விஷயத்தில் இந்தப் பஜார் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். “டீச்சர் பிரசங்கம் பண்ணினா சாயா ஆறிப்போகும், ஆனா ஒருத்தனும் உறங்க மாட்டான்” என்று எதிர்ப்பக்கத்துச் சாயாக்கடைச் சேட்டன் சொல்வார். ஓர் ஆட்டோக்காரர், டீச்சர் ஏறினால் மீட்டருக்கு முந்தியே கணக்கைச் சொல்லிவிடுவார், மீட்டருக்கே வெட்கமாகிவிடும் என்றார். இஞ்சி மண்டியில் வேலை பார்க்கிற ஒருவர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்: “மற்ற எம்.எல்.ஏ. எல்லாம் நமக்கு வேணும்கிறதைக் கேட்பாங்க. இது நமக்கு ஏன் கிடைக்காதுன்னு வெவரமா விளங்கப்படுத்தும்.” குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

முதல் தடவை நின்றபோது டீச்சர் காலேஜ் வேலையை விட்டு வந்த புதுசு. தமிழ்த் தெருவில் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். நான் எழுதித் தருகிறேன், பார்த்துப் படியுங்கள் என்றேன். கேட்கவில்லை. எங்கள் தெருவோரம் ஓடுகிற தோட்டுக் கரையில் ஒரு பெஞ்சு போட்டு அதன் மேல் ஏறி நின்று, முழு நம்பிக்கையோடு, “நிங்கள் எனக்கு ஓட்டு தந்தால் இந்த சம்ஸ்தானத்தோட கம்மியை நான் கம்மி பண்ணும்” என்றார்.

மலையாளத்தில் பட்ஜெட் பேசுகிறவர்கள் பற்றாக்குறையைக் ‘கம்மி’ என்பார்கள். வரவுக்கு மேல் செலவு போனால் அந்த இடைவெளிதான் கம்மி. எங்களுக்குக் கம்மி என்றால் குறைவு, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. தெருவில் இஸ்திரி போடுகிற அக்கா ஒருத்தி உண்டு. எங்கள் எல்லாருக்கும் வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். அவள் என் காதில் குனிந்து, “கம்மியா இருக்கிறதையும் கம்மி பண்ணிட்டா பின்னே நமக்கு என்ன தங்கச்சி மிச்சம்?” என்று கேட்டாள். கேட்டது காதில்தான். ஆனால் அக்காவின் ரகசியம் அக்கரையில் இருக்கிற வைப்பின் தீவுப் படகுத்துறை வரைக்கும் கேட்கும். பெஞ்சில் நின்ற டீச்சர் அதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்து சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றையிலிருந்து எங்கள் தெருவில் அவர் கம்மி டீச்சர். எங்களைத் தேடி வந்து எங்கள் முன்னாலேயே சிரித்ததற்காகத்தான் முதல் தடவை ஓட்டுப் போட்டோம் என்று நினைக்கிறேன். சம்ஸ்தானத்தின் கம்மியை யார் கண்டார்கள்.

ஜெயித்துப் போனபின்னும் ஆள் மாறவில்லை. கல்யாணத்துக்கு வருவார். மற்ற எம்.எல்.ஏ.க்கள் போட்டோவுக்கு நின்று பறந்துவிடுவார்கள்; இவர் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் விளம்புகிறவனிடம், மத்திய அரசு வசூலிக்கிற வரியில் நமக்கு எவ்வளவு திரும்பி வருகிறது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். விளம்புகிறவன் கரண்டியோடு நிற்பான். அடுத்த இலைக்காரர்கள் பாயசத்துக்காகப் பொருளாதாரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நூலகம் திறக்கக் கூப்பிட்டால், அரசாங்கம் வாங்கின கடனுக்கு வட்டி எப்படி வளர்கிறது என்று பேசிவிட்டு நூலகத்தைத் திறக்க மறந்து கீழே இறங்கிவிடுவார். அப்போதெல்லாம் பின்னால் நின்று கத்தரிக்கோலை நீட்டி ரிப்பனை ஞாபகப்படுத்தியது இந்த வேட்பாளர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

சட்டசபையில் அவர் பேசுவதைக் கடையில் டிவி போட்டுப் பார்ப்போம். பெரிய தலைவர்கள் பேசி முடித்து, பத்திரிகைக்காரர்கள் எழுந்து போன பிறகுதான் டீச்சருக்கு முறை வரும். காமிரா கொஞ்சம் அகலமாகக் காட்டினால் காலி நாற்காலிகள் தெரியும். அந்த நாற்காலிகளுக்கு அவர் பாடம் எடுப்பார். வருஷம் முழுக்க ஒரு வேலையும் நடக்காமல் மார்ச்சில் மட்டும் எல்லா பில்லும் கஜானா வாசலில் வந்து நெருக்குவது ஏன் என்று கேட்பார். பதினோரு மாதம் பட்டினி கிடந்துவிட்டுக் கடைசி நாளில் ஓணச் சாப்பாடு சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டார். சபாநாயகர் மட்டும் சிரித்தார். அவர் எழுந்து போக முடியாத ஆள். அரசுக் கணக்குகளைப் பரிசோதிக்கிற குழுவில் டீச்சரைப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஆபீசர்கள், அந்த டீச்சர் இன்றைக்கு லீவா என்று கேட்டுவிட்டுத்தான் குழு அறைக்குள் நுழைவார்கள் என்று செயலாளராக இருந்த இந்த வேட்பாளரே வந்து சொல்லிச் சிரித்தார். அப்போது அவருக்கும் டீச்சரைப் பற்றிப் பெருமைதான்.

எனக்கு டீச்சரால் நஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தும் தனக்கென்று ஒரு போர்டு அடித்ததில்லை. மற்ற தொகுதிகளில் பட்ஜெட் வாசித்த மறுநாள் ஃப்ளெக்ஸ் கடைகளில் உட்கார இடமிருக்காது. பாலம் தந்த எம்.எல்.ஏ.வுக்கு நன்றி, ரோடு தந்த எம்.எல்.ஏ.வுக்கு நன்றி. எங்கள் தொகுதியில் மட்டும் நான் ஈ ஓட்டுவேன். காரணம் டோக்கன்.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதிக்கு வேண்டிய வேலைகளைச் சொல்லி அனுப்புவார். அதில் ஒன்றிரண்டுக்குத்தான் உண்மையான தொகை கிடைக்கும். மற்றதற்கெல்லாம் வெறும் நூறு ரூபாய் போட்டு வைப்பார்கள். பாலத்துக்கும் நூறு ரூபாய், ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கும் நூறு ரூபாய். வேலை பட்ஜெட்டுக்குள் நுழைந்துவிட்டது, காசு பின்னால் வந்தால் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்த நூறு ரூபாய்க்குப் பெயர்தான் டோக்கன். அந்த நூறைச் சொல்லாமல் பாலத்தை மட்டும் சொல்லி போர்டு வைப்பது எல்லாக் கட்சிக்கும் வழக்கம். டீச்சர் வைக்க மாட்டார். அடுத்த பட்ஜெட் வாசிப்பதற்கு முன்னால், போன வருஷத்து டோக்கன்களில் எத்தனை வேலையாக மாறியது என்று சபையில் சொல்லியே ஆக வேண்டும், அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பதுதான் அவர் சட்டசபைக்குப் போனதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒன்று. கவனிக்கப்படும் என்று பதில் வரும். இன்னும் ஒரு தடவை ஜெயித்தால் கொண்டுவந்துவிடலாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவை அவருக்கு வேண்டியிருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

போன பட்ஜெட்டில் எங்கள் தோடு வந்தது. இங்கே தோடு என்றால் வாய்க்கால். கடல் ஏறுகிற நாட்களில் தோட்டுத் தண்ணீர் கரை தாண்டி வீட்டுக்குள் வந்து கட்டில் காலை நக்கிவிட்டுப் போகும். அதற்கு ஒரு மதில் கட்டித் தாருங்கள் என்று தெருவே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு கொத்தனார், ‘எங்கள் தோட்டுக்கு மதில் வேண்டும்’ என்று நான் அடித்த போர்டை ஒருமுறை நின்று படித்துவிட்டு, தோட்டுக்குத் திருகாணி போதாதா அக்கா என்று கேட்டான். அவன் தங்கியிருந்த அறைக்குள் அந்த மாதமே தண்ணீர் வந்தது. பிறகு அவனும் மதில் கேட்க ஆரம்பித்தான்.

டிவியில் ‘மட்டாஞ்சேரி தோட்டு மதிலுக்கு டோக்கன்’ என்று ஒரு வரி ஓடியதும் தெருவில் ஒரே சந்தோஷம். அப்போதுதான் அந்த விஷயம் நடந்தது. எங்கள் ஆட்களுக்கு டோக்கன் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் டோக்கன், ரேஷன் கடையில் டோக்கன், பாங்கில் டோக்கன். கையில் டோக்கன் இருந்தால் உட்கார்ந்திருக்கலாம், நம்பர் வந்தால் கூப்பிடுவார்கள். ஆகவே மறுநாள் காலை இஸ்திரி அக்கா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு, எல்லாரும் மடிப்புக் கலையாத புடவையில், மதில் வேலைக்கான அரசு அலுவலகத்துக்குப் போய், எங்கள் தோட்டுக்கு டோக்கன் போட்டிருக்கிறதாமே, அதை வாங்கிப் போக வந்தோம் என்று நின்றார்கள்.

அங்கே இருந்த பெண் புதிதாக வேலைக்கு வந்தவளாம், தமிழும் அவ்வளவாகப் புரியவில்லை. டோக்கன் என்ற சொல் மட்டும் புரிந்திருக்கிறது. வாசலில், பார்க்க வருகிறவர்களுக்கு வரிசைச் சீட்டு கொடுக்கிற மெஷின் ஒன்று உண்டு. அதை அமுக்கி ஒரு சீட்டை எடுத்து மரியாதையாகக் கொடுத்திருக்கிறாள். நம்பர் பதினேழு. இவர்கள் அதை வாங்கிக்கொண்டு, அங்கே உட்காராமல், நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் பதினாறு தோடுதான் என்று அக்கா தெரு முழுக்கச் சொன்னாள். அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து, நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டித் தரச் சொன்னாள். நான் ஒட்டிக் கொடுத்தேன். என்ன சொல்வது, எனக்கும் பதினேழு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் வந்தார். கூடவே செயலாளரும் வந்தார். சீட்டைப் பார்த்ததும் செயலாளருக்கு முகமெல்லாம் வெளிச்சம். அந்தப் பெண்களைச் சீட்டோடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து போர்டு வைத்தால் போதும், தேர்தல் வரைக்கும் வேறொன்றும் வேண்டாம் என்றார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் சாயா குடிக்கப் போய்விட்டார். டீச்சர் பெண்களோடு உட்கார்ந்து, இது அந்த டோக்கன் இல்லை, உங்கள் மதிலுக்குக் கிடைத்தது வெறும் நூறு ரூபாய், யாரும் நம்பர் கூப்பிடப் போவதில்லை என்று தன் தமிழில் பொறுமையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் வாடிக்கொண்டே வந்தது. நடுவில் கம்மி என்றார், யாரும் சிரிக்கவில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அரசாங்கத்தின் மேல்கூட இல்லை, அந்த வார்த்தையின் மேல். “கூப்பிட மாட்டாங்கன்னா பின்னே எதுக்கு டீச்சரே அதுக்கு டோக்கன்னு பேர் வெச்சாங்க? வேற பேரே கிடைக்கலையா?” என்றாள். டீச்சரிடம் எதற்கும் விடை இருக்கும்.   அன்றைக்கு, “அது ஞான் சோதிச்சு வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். சோதிப்பது என்றால் மலையாளத்தில் கேட்பது. பரிசோதனை எதுவோ பண்ணப் போகிறார் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பட்ஜெட் மீது விவாதம். வழக்கம்போலக் கடைசியில் டீச்சருக்கு முறை வந்தது. சொந்தக் கட்சி ஆட்சி, சொந்தக் கட்சி மந்திரி. டீச்சர் எழுந்து, என் தொகுதியில் சில பெண்கள் டோக்கன் வாங்கி வைத்துக்கொண்டு நம்பர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள், எப்போது கூப்பிடுவீர்கள் என்று மந்திரி சொன்னால் நான் போய்ச் சொல்லிவிடுவேன், அவர்களுக்கு இஸ்திரி வேலை கிடக்கிறது என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பரீட்சையில் கேள்வி படிக்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் எதிர்க்கட்சி மேசையைத் தட்டத் தொடங்கி நிறுத்தவில்லை. கேண்டீனுக்குப் போனவர்கள் ஓடி வந்தார்கள். அந்தத் துண்டு வீடியோ எல்லார் ஃபோனிலும் வந்தது. வல்லார்பாடத்தில் வேலை பார்க்கிற என் தங்கை மகன் அதை எனக்கே அனுப்பி, இது உங்கள் ஊரா பெரியம்மா என்று கேட்டான்.

தெருவில் டீச்சருக்கு நல்ல பெயர். கட்சியில் அப்படி இல்லை. பேசினது சரி, பேசின இடம் சரியில்லை என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. இன்னொருவர், ஜெயித்து வந்தால் அடுத்த பட்ஜெட்டில் பதினெட்டாம் நம்பரும் கேட்கும் என்றாராம். பிறகுதான் பட்டியல் வந்தது.

இவ்வளவும் நடந்து முடிந்துதான் டீச்சர் என் கடையில் நின்று, தன் இடத்துக்கு வந்தவரின் போர்டில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். விட்டுப்போன வார்த்தை என்னவென்று எனக்கும் தெரியும், வேட்பாளருக்கும் தெரியும்.

“டோக்கன்னு போட்டா ஜனங்க சிரிப்பாங்க டீச்சரே” என்றார் அவர்.

“ஆமா. இப்போ போர்டைப் பார்த்தா மட்டும் என்ன, அழுவாங்களா?”

“எதிர்க்கட்சிக்காரன் போட்டோ எடுத்து எல்லா எடத்திலும் போடுவான். மேலேயிருந்து எனக்கு ஃபோன் வரும்.”

“எனக்கும் வந்தது. எடுத்து ஹலோ சொல்லணும், அவ்வளவுதான்” என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, “இவன் காலேஜிலேயே இப்படியாக்கும். பாதி விடை எழுதுவான். மீதிக்கு ‘இத்யாதி’ன்னு போட்டு வெச்சிருப்பான்” என்றார்.

வேட்பாளரின் காது சிவந்தது. நான் மெஷினுக்கு எண்ணெய் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். எண்ணெய் போட வேண்டிய மெஷின் இல்லை அது.

அந்த நேரம் பார்த்து இஸ்திரி அக்கா வந்தாள். வேட்பாளரின் வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்து, மடித்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். தோட்டு மதில், சொன்னதைச் செய்தோம் என்று சத்தமாக வாசித்தாள். பிறகு தோட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அங்கே மதில் இல்லை.  சட்டைக் கட்டை அவர் கையில் கொடுத்து, “தேய்ச்சது சுருங்காம பார்த்துக்கோ மோனே, போர்டு எப்படியோ போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

 சட்டைக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, வேட்பாளர் கேட்டார்: “டீச்சர் என்கூட வருவீங்களா, மாட்டீங்களா? அது ஒண்ணு சொன்னா போதும்.”

டீச்சர் என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தமிழ் எழுத்து அவர் ஆட்டோவில் போகும்போது என் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார்.

“கனமா இருக்கிற அந்த ‘ட’ ஏது?”

மலையாளம் மாதிரி இல்லை, எங்களுக்கு ஒரு ட தான் டீச்சர், எல்லாத்துக்கும் அதுவேதான் என்றேன்.

“ஒரே எழுத்தை வெச்சு நாலு ஜோலி பார்க்கறீங்க இல்லையா” என்றார். பட்டியல் வந்ததற்குப் பிறகு அவர் முகத்தில் அப்போதுதான் பழைய சந்தோஷத்தைப் பார்த்தேன். “இதாக்கும் சிக்கனம். நம்ம மந்திரிக்கு இதைப் படிப்பிக்கணம்.”

முதலில் ‘டொக்கன்’ என்று வந்தது. ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்க வேண்டும் என்றேன். ஆக்கினார். ‘பட்ஜெட்டில் தோட்டு மதிலுக்கு டோக்கன். நூறு ரூபாய். மீதியைக் கேட்டு வாங்குவோம்’ என்று மூன்று வரியாக ஆனது. ‘சொன்னதைச் செய்தோம்’ என்பதை அழித்தார். வேட்பாளரின் சிரிப்பை அப்படியே விட்டுவைத்தார். அது இருக்கட்டும், நல்ல பல் என்றார்.

வேட்பாளர் மூன்று வரியையும் படித்தார். மறுபடி படித்தார். பையில் ஃபோன் அடித்தது, எடுத்துப் பார்த்துவிட்டு எடுக்காமல் உள்ளே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அடிச்சிருங்க சேச்சி” என்றார்.

நான் மெஷினை ஓட விட்டேன். துணியில் முதலில் நெற்றி வந்தது, பிறகு கண் வந்தது. டீச்சர் அது முடியும்வரை நிற்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். வேட்பாளர் வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தோட்டின் குறுக்கே போட்டிருந்த பலகையைத் தாண்டி, தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டி, “ஓட்டு கேட்டு வந்திருக்கு, இவன் என் சிஷ்யன்” என்று கூப்பிட்டுச் சொன்னார்.